ஓடுகாலி என்கிற பேர்

இரண்டாயிரத்துப் பத்தில் நெய்வேலி டவுன்ஷிப்பில் ரோடு பெருக்கும் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். மூன்றாவது மாதம் இது நடந்தது.

மழை விட்ட காலை. ஒரு பிளாக்கில் ஆறு பேர் சருகு கூட்டிக்கொண்டிருந்தோம். ஒரு குவார்ட்டர்ஸ் வேலியைத் தாண்டி ஒரு மாடு வெளியே வந்தது. வாயில் யாரோ வளர்த்த கீரை. கழுத்தில் அறுந்த கயிறு. சூப்பர்வைசர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார்.

"ஏய், புடி அந்த ஓடுகாலிய!"

நான் திரும்பினேன்.

மற்ற ஐந்து பேரும் மாட்டைப் பார்த்தார்கள். நான் ஒருத்திதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கையில் இருந்த விளக்குமாறு எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது.

என் பக்கத்தில் பெருக்கியவள் அதைக் கவனித்துவிட்டாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வாய் நீளம். மற்றபடி நல்லவள். மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தபோது கேட்டாள்.

"அவுரு மாட்டத்தான சொன்னாரு. நீ ஏன்டி திரும்பன?"

"சத்தம் கேட்டுச்சி. திரும்பனன்."

"சத்தம் எனக்குந்தான் கேட்டுச்சி."

அதுவரை என் புருஷன் கேரளாவில் ரப்பர் தோட்டத்தில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். அவள் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"கேரளாவுல மழ ஜாஸ்தியாமா?" என்றாள்.

மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். அதோடு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் என்னை நேராக ஒன்றும் சொன்னதில்லை. ஒருநாள் மட்டும், வேலையைப் பர்மனென்ட் ஆக்குவார்களா என்று பேச்சு வந்தபோது அவள் சொன்னாள். "நம்மள யாரு பர்மனென்ட்டு பண்ணப் போறாங்க. இவளுக்காவது பேரு ஒண்ணு பர்மனென்ட்டா கெடச்சிருக்குது." நானும் சிரித்துவைத்தேன்.

அந்தப் பேர் எனக்கு வந்து அப்போது ஏழு வருஷம். நெய்வேலியில் அதை யாரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. ஆனாலும் திரும்பினேன்.

என்னைக் கட்டிக்கொடுத்த ஊர் பண்ருட்டிக்கு அந்தப் பக்கம். வீட்டில் முந்திரிக்கொட்டை உடைப்போம். வறுத்த கொட்டையைக் கட்டையில் வைத்துத் தட்டினால் பருப்பு வரும். தோட்டில் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் கறுத்து உரியும். என் கை அப்படித்தான் இருந்தது. புருஷன் பலாப்பழ மண்டியில் லோடு ஏற்றுவான். அடிப்பான். அதை விவரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. கடைசியில் ஒருநாள் கொட்டை வறுக்கும் இடத்தில் என் கழுத்தைப் பிடித்து அடுப்புப் பக்கம் குனிய வைத்தான். முடி பொசுங்கிய வாசனை வந்தது. மறுநாள் கிளம்பிவிட்டேன்.

பகல் பன்னிரண்டு மணி. அவன் மண்டியில் இருந்தான். மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். இரண்டு மணிக்குள் வந்துவிடுவாள். என் பிள்ளைக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நாலு மணிக்குத்தான் விடுவார்கள். போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அங்கே வாத்தியார் என் மாமியாருக்கு அண்ணன் முறை. பிள்ளையைக் கேட்டால் ஆள் அனுப்பிவிடுவார். ஒரு வாரம் கழித்து வந்து கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ரோட்டில் முதலில் வந்த பஸ்ஸில் நெய்வேலி என்று எழுதியிருந்தது. ஏறினேன்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். தெருவுக்குள்ளேயே விடவில்லை. பஞ்சாயத்து வைத்தார்கள். ஓடிப்போனவளுக்குப் பிள்ளை கிடையாது என்று முடிவு. எட்டுப் பேர் உட்கார்ந்து சொன்னார்கள். நான் நின்றுகொண்டு கேட்டேன்.

அடுத்த வருஷம் என் புருஷன் விருத்தாசலம் பக்கம் ஒருத்தியோடு போய்விட்டான். இரண்டு வருஷம் அங்கே இருந்தான். திரும்பி வந்தான். அவனுக்கு ஊரில் என்ன பேர் என்று என் நாத்தனாரிடம் பிறகு கேட்டேன். அவன் தங்கச்சி. அந்த வீட்டில் என்னோடு பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

"அண்ணன் வெளியூரு போயிருந்துச்சின்னு சொல்லுவாங்க அண்ணி" என்றாள்.

நான் போய் மூன்று வருஷம் ஆனபின் பள்ளிக்கூடத்து வாசலில் ஒருநாள் நின்றேன். பிஸ்கட் வாங்கிப்போயிருந்தேன். என் பிள்ளை கூட்டத்தோடு வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். முகம் மறந்திருந்தது. ஆனால் யாரோ சொல்லியிருக்கிறார்கள், இப்படி ஒருத்தி வருவாள் என்று.

"நீதான் ஓடுகாலியா?" என்றாள்.

வசவாகச் சொல்லவில்லை. பேர் கேட்கிற மாதிரி கேட்டாள். அந்த வீட்டில் என்னைப் பற்றி அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல் இல்லை. அதுதான் என் பேர் என்று பிள்ளை நினைத்திருக்கிறது.

அம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆமா என்று வந்தது.

பிள்ளை பிஸ்கட்டை வாங்கவில்லை. ஓடியும் போகவில்லை. நடந்துதான் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ரோடு பெருக்கும் வேலை காலை ஆறிலிருந்து இரண்டு வரை. அதன்பின் ஒரு குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்தேன். அந்த அம்மா தமிழ் டீச்சர். என்னைவிட வயதில் சின்னவர். என்னை அக்கா என்பார். வீடு முழுக்கப் புத்தகம். தூசி தட்டுவதே பாதி வேலை.

மாடு பிடித்த நாளுக்குப் பிறகு எனக்கு அந்தச் சொல் மண்டையிலேயே நின்றது. நான் ஐந்தாவது வரை படித்தவள். ஓடு என்றால் தெரியும். காலி என்றாலும் தெரியும் என்று நினைத்திருந்தேன். டவுன்ஷிப்பில் தினமும் கேட்கிற சொல் அது. ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸ் காலி. பூட்டிய வீட்டில் செடி முளைத்துக் கிடந்தால் அது காலி வீடு. அப்படியென்றால் ஓடிப்போய் வீட்டைக் காலியாக்கியவள் ஓடுகாலி. இத்தனை வருஷமும் அப்படித்தான் அர்த்தம் வைத்திருந்தேன். என்னால் ஒரு வீடு காலி. ஒரு பிள்ளையின் பக்கத்துப் பாய் காலி. சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள் என்று இருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் கேட்டுவிட்டேன்.

"டீச்சர், ஓடுகாலின்னா இன்னா?"

அவர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார்.

"உங்கள யாருக்கா அப்படிச் சொன்னது?"

"என்ன சொல்லல. மாட்டச் சொன்னாங்க."

நான் வைத்திருந்த அர்த்தத்தைச் சொன்னேன். டீச்சர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க. ஆனா அந்தக் காலி வேற, இந்தக் காலி வேற. வீடு காலின்னு சொல்றோமே, அது வெளியில இருந்து வந்த சொல்லு. இது நம்ம கால். நடக்குற கால். இப்ப நீங்க எதுமேல கை வச்சு நிக்கிறீங்க?"

"நாற்காலி."

"நாலு கால் இருக்கு, நாற்காலி. மூணு இருந்தா முக்காலி. ஓடுற கால் இருந்தா ஓடுகாலி. அவ்வளவுதான்க்கா. அந்தச் சொல்லுக்குள்ள வேற ஒண்ணும் கிடையாது."

"பொம்பளையத்தான சொல்றாங்க?"

"நாற்காலி ஆம்பளையா பொம்பளையா? சொல்லுல அது இல்ல. யாருக்கு வேணா சொல்லலாம்."

"ஆம்பளைக்கு சொல்லி நா கேட்டதில்ல டீச்சர்."

டீச்சர் பேனாவைத் திறந்து மறுபடி மூடினார். பிறகு, "நானும் கேட்டதில்ல" என்றார். இன்னொன்றும் சொன்னார். பழைய பாட்டுகளில் காலி என்றால் மாட்டுக்கூட்டம் என்றும் ஒரு அர்த்தம் உண்டாம்.

"அப்ப எங்க சூப்பர்வைசரு தப்பா சொல்லல" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் லேசாக இருந்தது. கால்தானே. கால் இருக்கிற எவரும் ஓடலாம். இரண்டு நாள் அந்த நினைப்பு இருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. டீச்சர் சொன்னது சொல்லுக்கு. ஊர் சொல்வது எனக்கு.

அடுத்த வருஷக் கடைசியில் பெரிய புயல் வந்தது. முந்திரித்தோப்பு எல்லாம் வேரோடு சாய்ந்தது. பலா மரம் ஒடிந்தது. டவுன்ஷிப்பிலும் மரம் விழுந்து ரோடு தெரியவில்லை. ஒரு மாதம் கிளை பொறுக்கினோம். ஊர்ப்பக்கம் தோப்பு வைத்திருந்தவர்கள் எல்லாம் கூலிக்குப் போனார்கள். பெண் பிள்ளை வைத்திருந்தவர்கள் கிடைத்த இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். என் பிள்ளையை எட்டாவதோடு நிறுத்தியிருந்தார்கள். பதினெட்டு முடிந்ததும் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன்.

கல்யாணம் திருவதிகை கோயிலில். நாத்தனார் போனில் சொன்னாள். "வராத அண்ணி. சொல்லணும்னு சொன்னன்" என்றாள். போனேன். செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். தாலி கட்டுவது தெரியவில்லை. மேளம் கேட்டது. வெளியே வரும்போது என் பிள்ளை என்னைப் பார்த்தாள். மாலை கனத்தினாலோ என்னவோ தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு வருஷம் ஆனது. நாத்தனார் மறுபடி போன் செய்தாள்.

"அண்ணி, ஒம் பொண்ணப் போட்டு அடிக்கறான்."

"எதுக்காம்?"

"எதுக்குன்னு இன்னா இருக்குது. அடிக்கறான்."

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். அவளை அங்கிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். நான் அன்றைக்கு நாலு மணி வரை இருக்கவில்லை. இப்போது போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். வேறு எதையும் நினைக்கவில்லை.

முதல் தடவை போனபோது மாப்பிள்ளை வீட்டில் இருந்தான். நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. எழுந்து வந்தான்.

"வாங்க அத்த, வாங்க. வெயில்ல வந்துருக்கறீங்களே. ஏய், ஒங்கம்மா வந்துருக்கறாங்க பாரு. டீ போடு."

பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டான். உட்கார்ந்தேன். மின்விசிறி ஓடவில்லை.

"கரண்டு எல்லாம் ஒங்க ஊர்லருந்துதான அத்த வருது. எங்களுக்கு மட்டும் ஏன் புடுங்கிக்கினே போவுது? வரும்போது ஒரு பையில கொஞ்சம் போட்டு எடுத்தாரக் கூடாதா?"

"அடுத்த வாட்டி எடுத்தாரன் தம்பி" என்றேன்.

நன்றாகச் சிரித்தான். வெள்ளைப் பல். என் பிள்ளை டீ கொண்டுவந்தாள். வெயில் காலத்தில் முழுக்கை ரவிக்கை. இடது காலை இழுத்து வைத்தாள். கிளாஸை என் கையில் கொடுக்கவில்லை. கீழே வைத்தாள்.

"காலு இன்னா?" என்றேன்.

"கெணத்தடியில வழுக்கிட்டா" என்றான் அவன். "இவளுக்கு காலு நெலத்துல நிக்காது அத்த. ஒங்க ரத்தமாச்சே. அதான் நா முன்னாடியே சொல்லி வச்சிருக்கறன். ஓடணும்னு நெனப்பு வந்தா எங்கிட்ட சொல்லு, மொதல்ல கால எடுத்துடறன், அப்பறம் ஓடுன்னு. இன்னாங்க நா சொல்றது?"

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் டீயைக் குடித்தேன். சூடாக இருந்தது. வேகமாகக் குடித்தேன்.

கிளம்பும்போது குழாயடியில் ஒரு நிமிஷம் அவளைத் தனியே பார்த்தேன்.

"ஏன் வந்த?"

"ஒன்னப் பாக்க."

"பாத்துட்ட இல்ல. போ."

அவ்வளவுதான் பேச்சு.

டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் என்னை மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்கள். பெண் வந்து சொல்ல வேண்டும், இல்லை நாங்கள் போய்க் கேட்டால் ஆமாம் என்றாவது சொல்ல வேண்டும் என்றார்கள். போய்க் கேட்கவும் கேட்டார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை என்று என் பிள்ளை சொல்லியிருக்கிறாள். கையெழுத்தும் போட்டுக்கொடுத்திருக்கிறாள்.

டீச்சர் விடவில்லை. அவர் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. உடைந்த சாமான் போட்டு வைத்திருந்தார்கள். அதை ஒழித்துக் கொடுத்தார். நானே சுண்ணாம்பு அடித்தேன். ஒரு பாய், ஒரு குடம், கதவுக்கு உள்தாழ்ப்பாள். தாழ்ப்பாள் கெட்டியானதாகப் பார்த்து வாங்கினேன். எங்கள் சூப்பர்வைசரிடமும் சொல்லி வைத்தேன். ஒரு ஆள் குறைகிறது, கூட்டிவா என்றார். கேரளாவில் மழையா என்று கேட்டவள், தன் பெண்ணின் பழைய சுடிதார் இரண்டு கொடுத்தாள்.

"எப்ப வர்றா?" என்று தினமும் கேட்பாள்.

"வருவா" என்பேன்.

நாத்தனார் சொன்ன நாளில் போனேன். மாப்பிள்ளை லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போயிருந்தான். மறுநாள்தான் வருவான். காலை பதினொரு மணி. என் பிள்ளை முந்திரி உடைக்கும் கொட்டகையில் இருந்தாள். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். கையெல்லாம் கறுப்பு. நான் போய் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவள் நிமிரவில்லை. உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"பதினொண்ணரைக்கு பஸ்ஸு இருக்குது. வா" என்றேன்.

"எங்க?"

"நெய்வேலிக்கு. ரூம்பு பாத்து வச்சிருக்கறன். வேலையும் சொல்லிட்டன். நீ ஒண்ணும் எடுத்துக்க வாணாம். அப்பிடியே எழுந்து வா."

"நீ அப்பிடித்தான் எழுந்து போனியா?"

பக்கத்தில் இருந்த பெண் கட்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வயசானவள்.

"கூட்டிக்கினு போக வந்துருக்குதா? போடி. வழி தெரிஞ்ச ஆளு கூட வருது, தொலையவா போற" என்றாள்.

நாலு பேர் சிரித்தார்கள். என் பிள்ளை கொட்டையை எடுத்து வைத்துத் தட்டினாள். பருப்பு நொறுங்காமல் முழுசாக வந்தது. வேலை சுத்தமாக இருந்தது.

நான் குரலைத் தாழ்த்தினேன். அப்போது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. டீச்சர் சொன்னதைச் சொன்னேன்.

"அந்த வார்த்தைக்கு பயந்துக்கினுதான நீ வரமாட்டன்ற? அதுல ஒண்ணுமே இல்லடி. படிச்சவங்க சொன்னாங்க. நாற்காலி, முக்காலி மாதிரிதான் அது. ஓடுற காலு. அவ்ளோதான் அதுக்கு அர்த்தம்."

அவள் முதல் முறையாக நிமிர்ந்தாள். சிரித்தாள். என் பிள்ளை பெரியவளான பின் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். முன்பல் பக்கத்தில் ஒன்று இல்லை.

"இத சொல்லவா பஸ்ஸேறி வந்த?"

"இல்ல. ஒன்னக் கூட்டிக்கினு போக வந்தன்."

"இங்க பாரு. எனக்கு சோறு போடும்போது அந்தப் பேர சொல்லித்தான் போட்டாங்க. கொஞ்சம் சிரிச்சா அந்தப் பேரு. ரோட்டுல நின்னா அந்தப் பேரு. சைக்கிளு கத்துக்கறன்னு கேட்டன். காலு நீளுதாடின்னு ஆயா சூடு வச்சுது. எட்டாவதோட ஏன் நிறுத்துனாங்கன்னு நெனக்கற? பஸ்ஸேறி போவணும் ஒம்பதாவதுக்கு. அதான். நீ ஓடன. நா உக்காந்தன். அப்பவே முடிவு பண்ணிட்டன், நா எங்கயும் போவாம இருந்து காட்டறன்னு."

"யாருக்குடி காட்டற?"

"தெரியல."

"அவன் கொன்னுடுவான்."

"கொன்னா பொணத்த எடுத்துக்கினு போவாங்க. நல்லா இருந்தவ செத்துட்டான்னு சொல்லுவாங்க. ஓடிட்டான்னு சொல்ல மாட்டாங்க."

கட்டை நிற்கவில்லை. சொல்லிக்கொண்டே தட்டினாள். நான் அவள் கையைப் பிடித்தேன். எண்ணெய் என் கையிலும் ஒட்டியது. அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். சண்டை போடும் குரல் இல்லை அது.

"நீ வந்துட்டுப் போனா இவளுங்க யாராவது அவுருகிட்ட சொல்லிடுவாளுங்க. அன்னிக்கு எனக்கு ரெண்டு பங்கு. போன வாட்டி நீ டீ குடிச்சிட்டுப் போன பாரு, அன்னிக்குதான் இந்தப் பல்லு. ஒனக்கு எனக்கு எதனா செய்யணும்னு இருந்தா வராத. அது ஒண்ணு செய்."

"வராம எப்பிடிடி?"

"இத்தினி வருசம் வராம தான இருந்த."

ரோட்டில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. அவள் கையை உருவிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். அவன் வண்டி இல்லை. செங்கல் ஏற்றிய டிராக்டர். அது தாண்டிப் போகிற வரை அவள் மூச்சு விடவில்லை.

"போம்மா" என்றாள்.

போம்மா என்பது யாரையும் சொல்வதுதான். பூ விற்கிறவளை, பாத்திரக்காரியை, வழி மறித்து நிற்கிற எவளையும் அப்படிச் சொல்வோம். அதில் நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பஸ் ஸ்டாப்பு வரை சொல்லிக்கொண்டே நடந்தேன்.

பதினொன்றரை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம். நிழல் இல்லை. கொட்டகையில் கட்டை தட்டும் சத்தம் அங்கே வரை கேட்டது. திரும்பிப் போய் அவளை இழுத்துக்கொண்டு வரலாமா என்று யோசித்தேன். இழுத்தால் வரமாட்டாள். கத்துவாள். நான் வந்தது இன்னும் நன்றாகத் தெரியும். அதற்கும் சேர்த்து அவள்தான் வாங்க வேண்டும். உட்கார்ந்துவிட்டேன். பஸ் வந்ததும் ஏறினேன்.

அன்றைக்கு ராத்திரி அவளுக்கு என்ன நடந்தது என்று நாத்தனார் மூன்றாம் நாள் சொன்னாள். மாப்பிள்ளை சேலத்திலிருந்து ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டானாம். யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். விவரம் இங்கே வேண்டாம். ஆஸ்பத்திரியில் கேட்டதற்குக் கிணற்றடியில் விழுந்தேன் என்று சொல்லிவிட்டாளாம்.

டீச்சர் மறுபடி ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார். வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது.

"உங்க பொண்ணுக்கா அது. எப்படி விடுறீங்க?"

"நா போனா அடி வுழுவுது டீச்சர். போவலன்னா கொஞ்சம் கம்மி."

"இது ஒரு கணக்காக்கா?"

கணக்கு இல்லைதான். வேறு ஒன்றும் என் கையில் இல்லை. டீச்சர் எனக்குத் தெரியாமல் ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அவரே காபி போட்டுக் கொடுத்தார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பின்பக்க அறையில் மறுபடி உடைந்த சாமான் சேர்ந்தது. சுடிதார் இரண்டையும் கொடுத்தவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கி மடித்து வைத்தாள்.

நான் போவதை நிறுத்திவிட்டேன். மூன்று வருஷமாகப் போகவில்லை. பண்ருட்டிக்கு ஏதாவது வேலை இருந்தாலும் அந்த வழி பஸ்ஸில் ஏறுவதில்லை. ஜன்னலில் என் முகத்தை யாராவது பார்த்துப் போய்ச் சொல்லிவிடுவார்கள். என் பிள்ளை என்னிடம் இதுவரை கேட்டது அது ஒன்றுதான். அதைச் செய்கிறேன்.

நாத்தனார் மாதம் ஒரு தடவை போன் செய்வாள்.

"இருக்கா அண்ணி" என்பாள்.

"சரி" என்பேன்.

வைத்துவிடுவோம்.